ரவையா, அம்பா, கண்ணியா?

பூரணாங்குப்பத்தில் வான்கோழிக் கறி வேண்டுமென்றால் துப்பாக்கி தேவையில்லை. ஒரு முழம் கயிறு போதும். புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் போய், தவளக்குப்பத்தில் கடலைப் பார்த்துத் திரும்பினால் வருகிற ஊர் இது. இந்தப் பக்கத்து ஊர்களில் வான்கோழி என்றால் கொல்லையில் வளரும் பறவைதான். ஆளைக் கண்டால் ஓடாது. வாலை விசிறியாக விரித்து, கழுத்துத் தசை சிவக்க, வந்தவரையே மிரட்டும். பண்டிகைக்கு முன்னால் காலைக் கட்டித் தராசில் தொங்கவிடும்வரை அதன் வீறாப்பு குறையாது.

இதே பறவையின் காட்டு இனத்தைப் பார்த்தவர்கள் வேறு கதை சொல்வார்கள். வட அமெரிக்கக் காடுகளில் வாழும் காட்டு வான்கோழி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். குறுகிய தூரத்துக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலும் பறக்கும். இரவில் உயரமான மரக்கிளையில் அடையும். மனிதனின் விரல் அசைந்தாலே காணாமல் போகும். மெக்சிகோவில் பழக்கப்பட்டு, ஸ்பானியர் வழியாக ஐரோப்பா போய், போர்ச்சுகீசியர் வழியாக இந்தியா வந்தது கொல்லை வான்கோழி. 1612இல் கோவாவிலிருந்து வந்த ஒரு வான்கோழியைக் கண்டு ஜஹாங்கீர் வியந்துபோனார். அரசவை ஓவியர் மன்சூர் அதை வரைந்தார். அந்த ஓவியம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காட்டில் தங்கிவிட்ட உறவுக்கு நேர்ந்தது வேறு. கட்டுப்பாடற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் 1930களில் அமெரிக்காவில் சில பத்தாயிரங்களாகச் சுருங்கி, பிறகு மீண்டு, இன்று பல லட்சமாகத் திரிகிறது.

ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த நாட்டு வேட்டைக்காரர்கள் ஒரே வாதத்தில் இறங்குகிறார்கள்: வான்கோழிக்குத் துப்பாக்கி நல்லதா, வில் நல்லதா? கேட்பதற்கு ரசனை பற்றிய சண்டைபோல் இருக்கும். உண்மையில் இது இயற்பியலும் உடற்கூறும் கலந்த கேள்வி. எந்த ஆயுதம் பலமானது என்பதில் விடை இல்லை. குறி ஒரு சாண் தப்பினால் பறவைக்கு என்ன ஆகும் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். வேட்டையே சட்டப்படி நின்றுபோன நம் ஊரிலும் இந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறது. ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் இறங்கும் பறவைகளுக்கு அது இன்னும் பொருந்துகிறது.

முதலில் பறவையின் உடம்பு. எட்டு பத்துக் கிலோ எடையுள்ள ஒரு சேவல் பார்வைக்குப் பெரிய இலக்கு. ஆனால் அதில் பெரும்பகுதி இறகு, மீதியில் பெரும்பகுதி நெஞ்சுத்தசை. அடிபட்டால் உடனே வீழ்த்தும் இடங்கள் இரண்டே. ஒன்று, தலையும் கழுத்தெலும்பும். மற்றது, முதுகெலும்பை ஒட்டி மேலே ஒடுங்கிக் கிடக்கும் இதயமும் நுரையீரலும். அவை அடங்கும் இடம் ஒரு கைப்பிடி அளவுதான். பறவை வாலை விரித்துச் சிலிர்த்து நிற்கும்போது இறகுகளின் விளிம்பு உடம்பின் விளிம்பை மறைத்துவிடும். உடம்பு எங்கே முடிகிறது, வெறும் இறகு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வயிற்றிலோ இறக்கை நுனியிலோ அடிபட்ட வான்கோழி ஓடி, புதருக்குள் புகுந்து, எங்கோ மெல்லச் சாகும்.

அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே சுற்றுப்புறத்தில் சுமார் 270 பாகையைப் பார்க்கும். நிறங்களை நம்மைவிட நுணுக்கமாகப் பிரித்தறியும்; புறஊதா ஒளியின் ஒரு பகுதியும் அதற்குப் புலப்படும். அதனால் தேடிப் போய்ச் சுடுவது பெரும்பாலும் நடக்காது. வேட்டைக்காரர் மரத்தடியில் உடம்பெல்லாம் இலைநிறத் துணி போர்த்து உட்கார்ந்து, மரப்பெட்டியை உரசிப் பெட்டையின் குரலை எழுப்புவார். இனப்பெருக்கக் காலத்துச் சேவல் அதை நம்பி நடந்து வரும். முப்பது நாற்பது மீட்டருக்குள் வரவேண்டும். வந்தபின் ஒருமுறைதான் வாய்ப்பு.

ரைபிள் இதற்கு ஏன் கூடாது? ஒற்றைத் தோட்டா துல்லியமானது, உண்மைதான். ஆனால் நடந்துகொண்டே தலையை முன்னும் பின்னும் வெட்டும் பறவையின் தலையில் அதைப் பதிக்க முடியாது. உடம்பில் பதித்தால் கறி சிதறிவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ரைபிள் தோட்டா இலக்கைத் தாண்டியும் வெகுதூரம் கொல்லும் வேகத்தில் போகும். காட்டில் பெட்டைபோலக் கூவிக்கொண்டு மறைந்திருப்பது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். ஆகவே பல மாநிலங்களில் வசந்த கால வான்கோழி வேட்டைக்கு ரைபிள் தடை. சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மாறுவதால் அந்த மூன்று நிறத்தில் கைக்குட்டைகூட வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மிஞ்சுவது ரவைத் துப்பாக்கி. ஒரே குண்டுக்குப் பதில் நூற்றுக்கணக்கான சிறு ரவைகளை ஒரே வேட்டில் அனுப்பும் ஏற்பாடு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ‘பன்னிரண்டு போர்’ என்கிற குழல் அளவுள்ள துப்பாக்கியில் வான்கோழிக்கென்று வரும் தோட்டா ஒன்றில் ஏறக்குறைய 50 கிராம் ஈயம் இருக்கும். ஐந்தாம் எண் ரவை என்றால் ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் குறுக்களவு, ஆறில் ஒரு கிராம் எடை. ஆக, ஏறத்தாழ 300 ரவைகள். அவை குழலை விட்டு நொடிக்கு 365 மீட்டர் வேகத்தில், அதாவது ஒலியைச் சற்று முந்திக்கொண்டு கிளம்புகின்றன. ஒரு ரவையின் ஆற்றல் 11 ஜூல். எல்லாம் சேர்ந்தால் மூவாயிரத்துக்கு மேல். அந்த மொத்தத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. பறவையைத் தொடப்போவது அதில் சில ரவைகள்தான். எத்தனை ரவை எந்த அளவு வட்டத்துக்குள் போய்ச் சேருகிறது என்பதில்தான் வேட்டைக்காரரின் கவலை முழுவதும்.

சுண்ணாம்பாற்றில் வீச்சுவலை எறிகிறவருக்கு இது சட்டென்று விளங்கும். கையை விட்டதும் வலை சுருண்டே போகும். சரியான தூரத்தில் வட்டமாக விரியும். இன்னும் தள்ளிப் போனால் மணிகள் திசைக்கொன்றாக இழுத்து வட்டம் குலைந்துவிடும். ரவைக் கூட்டமும் அப்படித்தான். பத்து மீட்டரில் அது இன்னும் ஒரு கட்டி. விரலளவு தப்பினாலும் முழுவதும் தப்பும். அறுபது மீட்டரில் அது பெரிய, ஓட்டை நிறைந்த வட்டம். பறவை அந்த ஓட்டையில் நின்றால் ஓரிரு ரவை வாங்கிக்கொண்டு காயத்தோடு போய்விடும். இடைப்பட்ட தூரத்தை நீட்டிப்பதற்காகக் குழல் வாயைச் சிறிது ஒடுக்குகிறார்கள். ‘சோக்’ என்கிற இந்த ஒடுக்கம் சாதாரணமாக ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அந்த ஒரு மில்லிமீட்டரே போதும்: ஒடுக்கமில்லாத குழலில் 36 மீட்டர் தூரத்தில் 76 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழுவது 40 சதவீத ரவை, முழு ஒடுக்கம் வைத்தால் 70 சதவீதம். வான்கோழிக்கென்று செய்யப்படும் குழல்வாய்கள் இன்னும் இறுக்கமானவை. பருவம் தொடங்கும் முன் காகிதத்தில் சுட்டு, 25 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நூறு துளையாவது விழுகிறதா என்று எண்ணிப் பார்ப்பது அங்கே வழக்கம். விழாத தூரத்தில் சுடக் கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் துப்பாக்கியின் விலையைப் பேசுகிறவரை நம்பவேண்டியதில்லை.

ரவை எதனால் ஆனது என்பதும் கணக்கை மாற்றுகிறது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகு 7.8, டங்ஸ்டன் கலவை 18. காற்றைக் கிழித்துப் போய் இறகைத் துளைக்கும் திறனை, ரவையின் எடையை அதன் குறுக்குப் பரப்பால் வகுத்துப் பார்த்தால் அறியலாம். அப்படிப் பார்க்கையில் 2 மில்லிமீட்டர் டங்ஸ்டன் ரவை 3 மில்லிமீட்டர் ஈய ரவைக்குச் சற்றும் குறையவில்லை, எடையோ பாதிதான். ஆகவே அதே 50 கிராமில் இருமடங்கு ரவைகளை அடைக்கலாம். அல்லது ரவை எண்ணிக்கையைக் குறைக்காமல், தோளை உலுக்காத சிறிய துப்பாக்கிக்கு மாறலாம். அண்மைக் காலத்தில் மிகச் சிறிய குழல் துப்பாக்கிகள்கூட வான்கோழி வேட்டைக்கு வந்துவிட்டதற்குக் காரணம் இந்த உலோகந்தான். அதன் விலை மட்டும் ஈயத்தைவிடப் பல மடங்கு.

வில் முற்றிலும் வேறு வழியில் கொல்கிறது. இருபத்தாறு கிராம் அம்பு நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 94 ஜூல். ரவைத் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் அம்பு மோதிக் கொல்வதில்லை, அறுத்துக் கொல்கிறது. சவரக்கத்திபோல் தீட்டிய அகன்ற முனை நுரையீரலை வெட்டினால் பறவை சில நொடிகளில் விழும். வெட்டாமல் நெஞ்சுத்தசையில் மட்டும் தைத்தால், அம்போடேயே பறந்துவிடும்.

நேரக் கணக்கு வில்லாளிக்கு எதிரானது. இருபது மீட்டர் தூரத்தை நாணின் ஒலி ஏறத்தாழ 0.06 நொடியில் கடக்கும். நவீன வில்லின் அம்புக்கு 0.24 நொடி வேண்டும். நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் எய்யும் மூங்கில் வில் என்றால் 0.44 நொடி. அதாவது மூங்கில் வில்லின் ஒலி காதில் விழுந்த பிறகு, விலகுவதற்குப் பறவையிடம் கால் நொடிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ரவையிலோ ஒலியும் உலோகமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேரும். தூரத்தைத் தவறாக மதிப்பிடுவதன் தண்டனையும் வில்லுக்கு அதிகம். இருபது மீட்டர் என்று நினைத்து எய்த பறவை உண்மையில் இருபத்தைந்தில் நின்றால், மூங்கில் வில்லின் அம்பு 30 சென்டிமீட்டர் கீழே போய்விடும். நவீன வில்லிலும் 8 சென்டிமீட்டர் இறங்கும். கைப்பிடி அளவு இலக்குக்கு அதுவே அதிகம்.

இத்தனைக்கும் மேல், நாணை இழுக்கும் அசைவைப் பறவை பார்த்துவிடும். இதற்கு இரண்டு உபாயங்கள் உண்டு. ஒன்று மறைவுக் கூடாரம். இன்னொன்று காத்திருத்தல்: சேவல் வாலை விரித்து மறுபக்கம் திரும்பும்போது அதன் விசிறியே அதன் பார்வையை மறைக்கும், அப்போது இழுக்க வேண்டும். இழுத்தபின் சேவல் நகராமல் நின்றுவிட்டால்? பழைய வில்லில் கை நடுங்கிப்போகும். ஹாலிஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் 1969இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில் இந்த இடத்தில் உதவுகிறது. வில்லின் நுனிகளில் மையம் விலகிய சக்கரங்கள் இருக்கும். நாணைப் பாதி இழுக்கும்போது முழுப் பளுவும் கையில் ஏறும்; கடைசியில் சக்கரம் திரும்பி அந்தப் பளுவில் முக்கால் பங்குக்கு மேல் தானே ஏற்றுக்கொள்ளும். 27 கிலோ இழுவிசையுள்ள வில்லை ஐந்தாறு கிலோ பிடியில் நிமிடக்கணக்காக நிறுத்தி வைக்கலாம்.

ஆக அமெரிக்க வாதத்துக்கு நேர்மையான விடை இதுதான்: குறி தப்பும் சாத்தியம் அதிகமுள்ளவருக்கு முப்பது மீட்டருக்குள் ரவைத் துப்பாக்கி, பதினைந்து இருபது மீட்டருக்கு மேல் எய்யாமல் கையைக் கட்டிப்போட முடிகிறவருக்கு வில். வில்லைத் தேர்ந்துகொண்டு துப்பாக்கித் தூரத்தில் எய்கிறவர்களால்தான் காயம்பட்ட பறவைகள் பெருகுகின்றன.

இந்தப் புதிரை நம் நிலத்து வேட்டைக்காரர்கள் எப்படி அவிழ்த்தார்கள்? இங்கே காட்டு வான்கோழி இல்லை. அதன் குடும்பத்து மயில், கவுதாரி, காடை உண்டு; ஏரிகளில் கொக்கு, மடையான், நாமக்கோழி, வாத்து உண்டு. கருவிகளும் குறைவில்லை. சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1924இல் தென்னிந்திய ஊதுகுழல்கள், வளரிகள், குறுக்குவில்கள் பற்றி ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையே எழுதினார். ஊதுகுழல் ஓசையற்றது, ஆனால் மூச்சின் பலம் சிறு பறவைக்கு மட்டுமே போதும். குறுக்குவில்லில் நாண் முன்பே இழுத்துப் பூட்டப்பட்டிருப்பதால், எய்யும் நேரத்தில் அசைவே இல்லை. ஆலனின் சக்கரங்கள் பாதி தீர்த்த சிக்கலை அது முழுவதும் தீர்த்திருந்தது.

பிறகு வந்தது நாட்டுத் துப்பாக்கி. தமிழ்நாட்டில் இதை நினைத்தாலே நரிக்குறவர்கள், அதாவது குருவிக்காரர்கள், நினைவுக்கு வருவார்கள். வாக்ரிபோலி பேசும் இவர்களைத் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. புதுச்சேரியில் 2016இல்தான் முதன்முறையாகப் பழங்குடிப் பட்டியல் வந்தது. அதில் இருளர்களோடு வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களும் இடம்பெற்றன. இன்று இந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்கு வேட்டையோடு தொடர்பில்லை. ஊசிமணி, பாசிமணி விற்பதும் கூலிவேலையுமே பிழைப்பு. வேட்டைக்காரர் என்ற பழைய முத்திரை மட்டும் காவல் நிலையங்களில் அவர்களைத் துரத்துகிறது.

நாட்டுத் துப்பாக்கியின் பின்பக்கம் திறக்காது. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ துணியையோ அடைத்து, மேலே ரவையோ பால்ரஸோ போட்டு, மறுபடி அடைத்து, கம்பியால் இடிக்க வேண்டும். கரிமருந்து என்பது முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். எரிந்தால் அதில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடத் துகளாகவே மிஞ்சும்; அதுதான் அந்த வெள்ளைப் புகையும் குழலில் ஒட்டும் கசடும். மருந்தின் அளவு கையளவு, அடைப்பின் இறுக்கம் கைப்பழக்கம். இரண்டு வேட்டு ஒன்றுபோல் இருக்காது. குழல்வாயில் ஒடுக்கம் கிடையாது, ஆகவே ரவைகள் சீக்கிரமே விலகும். மறுபடி நிரப்ப ஒரு நிமிடமாவது ஆகும். இவ்வளவையும் கூட்டினால் ஒரே முடிவுதான் வரும்: தனிப் பறவையைக் குறிபார்ப்பது வீண், கூட்டமாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் சுட வேண்டும். கூட்டத்தில் சுட்டால் விழுவதைவிடக் காயத்தோடு பறப்பது அதிகம்.

குருவிக்காரர்களின் உண்மையான திறமை துப்பாக்கியில் இல்லை, கண்ணியில் இருந்தது. கவுதாரிச் சேவலுக்கு எல்லைச் சண்டை என்றால் உயிர். பழக்கிய சேவலைக் கூண்டில் வைத்துக் கத்தவிடுவார்கள். சுற்றிலும் சுருக்குக் கண்ணிகள். வயலுக்குச் சொந்தம் கொண்டாட ஓடிவரும் சேவல் தானாக மாட்டும். அமெரிக்கர் பெட்டைக் குரலால் அழைக்கிறார், இவர் எதிரியின் குரலால் அழைக்கிறார். பறவையின் நடத்தையைப் படித்தவிதத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கண்ணிக்குக் குறியும் தூரக் கணக்கும் வேண்டாம். நொடியில் கால் பங்கு விஷயமும் இல்லை. குறி தப்பினால் என்ன ஆகும் என்ற கேள்வியே அங்கே எழாது. பறவை உயிரோடு கிடைக்கும், வேண்டாத பறவையை விட்டுவிடவும் முடியும். விடுவார்களா என்பது வேறு. பறவைகளைத் தீர்த்துக்கட்டுவதிலும் கண்ணி துப்பாக்கியைவிடச் சளைத்ததல்ல. ஓசையில்லாமல் நாள்தோறும் அறுவடை செய்யும்.

வேடிக்கை என்னவென்றால் அமெரிக்க வான்கோழியைக் காப்பாற்றியதும் இந்த வகைக் கருவிதான். கூண்டில் வளர்த்து விட்ட குஞ்சுகள் காட்டில் பிழைக்கவில்லை. காட்டிலேயே பிறந்ததைப் பிடித்து, காலியான காட்டில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அந்தக் கண்ணுக்கும் காலுக்கும் எட்டாமல் பிடிப்பது எப்படி? 1950களில், இரைபோட்ட இடத்தின் மேல் பெரிய வலையைச் சிறு பீரங்கிக் குழல்களால் பறக்கவிட்டு, கூட்டத்தையே உயிரோடு மூடினார்கள். அதற்கான பணத்தில் ஒரு பங்கு துப்பாக்கிகளிடமிருந்தே வந்தது: 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீள்குழல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அந்த வரி நேராக வனவுயிர்ப் பாதுகாப்புக்குப் போகும். பின்னாளில் வில்லும் அம்பும் அந்த வரிக்குள் வந்தன.

இந்தியாவில் ரவைத் துப்பாக்கிக்கு வேறொரு வரலாறு. 1938 நவம்பரில் பரத்பூர் ஏரியில் வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. ஒரு பறவைக்கு ஒரே தோட்டா, தோட்டாவுக்கு 30 கிராம் ஈயம் என்று மிகவும் சுருக்கிக் கணக்கிட்டாலும், அன்று மாலைக்குள் அந்த ஏரியில் கொட்டப்பட்டது 128 கிலோ ஈயம். நமக்குப் பக்கத்து வேடந்தாங்கலில் விவசாயிகள் இந்தக் கணக்கை வெகு முன்பே வேறு விதமாகப் போட்டிருந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து கூடுகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளை யாரும் சுடக் கூடாதென்று எழுத்தில் உரிமை வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள்.

ஈயக் கணக்கு அங்கே முடியவில்லை. பறவைக்குப் பல் கிடையாது. தானியத்தை அரைப்பதற்கு அது சிறு கற்களை விழுங்கி அரைவைப்பையில் வைத்துக்கொள்ளும். ஏரிச் சேற்றில் கிடக்கும் ரவை, வாத்துக்கு நல்ல கல்லாகத்தான் தெரியும். அரைவைப்பையின் தசையும் அமிலமும் ஈயத்தைக் கரைக்க, ரத்தத்தில் நஞ்சு ஏறி, பறவை மெலிந்து, இறக்கை தொங்கிச் சாகும். சில ரவைகளே போதும். சுட்டவர் போன பிறகும் அவர் தப்பவிட்ட ரவைகள் பல ஆண்டுகளுக்குக் கொன்றுகொண்டிருக்கும். அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை நாடு முழுவதும் தடைசெய்தது. டென்மார்க் 1996இல் எல்லா வேட்டைக்கும் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரியிலிருந்து நீர்நிலைகளிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவைக்கு இடமில்லை.

காயத்தோடு தப்பும் பறவைகளும் கற்பனையல்ல. பிரிட்டனுக்குக் குளிர்காலத்தில் வரும் பெவிக் அன்னங்கள் ருஷ்ய ஆர்க்டிக்கில் கூடு கட்டுகின்றன. வரும் வழியிலும் போகும் வழியிலும் அவற்றைச் சுடச் சட்டம் இடந்தரவில்லை. ஆராய்ச்சியாளர்கள் உயிருள்ள அன்னங்களைப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒன்றின் உடம்பில் ரவை இருந்தது.

இந்தியச் சட்டம் ஆயுதத் தேர்வுக்கே இடம் வைக்கவில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டுமல்ல. கண்ணி வைப்பது, துரத்துவது, இரைபோட்டு இழுப்பது, கூட்டையும் முட்டையையும் குலைப்பது, அதற்கெல்லாம் முயல்வது என எல்லாம் அடக்கம். மடையானை வில்லால் எய்தாலும் வலையால் பிடித்தாலும் குற்றம் ஒன்றே. காகம்கூட ஒரு காலத்தில் தொல்லை உயிரிகளின் பட்டியலில் இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே போய்விட்டது. சாலையோரக் கடையில் வறுபடும் காடை பண்ணையில் வளர்ந்த ஜப்பானியக் காடை, அதனால் தப்பித்தது. புதுச்சேரி அரசு 2008இல் ஊசுட்டேரியைப் பறவைகள் சரணாலயமாகவும் அறிவித்தது.

சட்டத்தின் இந்த உறுதிக்குப் பக்கத்திலேயே ஒரு சந்து இருக்கிறது. பயிர்க் காவலுக்கான ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம். ஏர்கன்னுக்கு அப்படி இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர்கன் உரிமமில்லாமல் கிடைக்கும். விதி எழுதியவர்கள் மனிதருக்கு வரும் ஆபத்தை அளந்து அந்த எண்ணை வைத்தார்கள். பறவையின் பக்கமிருந்து பார்த்தால் அதுவே மிக மோசமான இடம். அரை கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் 10 ஜூல். ஏறத்தாழ ஒரே ஒரு ஐந்தாம் எண் ரவை குழல்வாயை விட்டுக் கிளம்பும்போது கொண்டிருக்கும் ஆற்றல். வான்கோழி வேட்டைக்காரர் நூறு ரவையை வட்டத்துக்குள் வைக்கப் பாடுபடுகிறார். ஏரிக்கரையில் ஏர்கன் பிடித்திருப்பவர் ஒன்றே ஒன்றை அனுப்புகிறார். தலையில் பட்டால் விழும். வயிற்றில் பட்டால், மடையானைத் துளைக்க அது போதும், வீழ்த்தப் போதாது.

அருணாசலப் பிரதேசம் இதை நேராகவே எதிர்கொண்டது. அங்கே ஏர்கன் வீட்டுக்கு வீடு இருந்த பொருள். 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டத்து லும்டங் கிராமத்தில், அவற்றைத் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைக்கும் இயக்கத்தை அரசு தொடங்கியது. தண்டனை இல்லை, விலையும் தரவில்லை. ஒப்படைத்தவருக்குக் கிடைத்தது ஒரு பாராட்டுச் சான்றிதழ். கிராமம் கிராமமாகப் போனதில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஏர்கன்கள் வந்து சேர்ந்தன.